அரை நொடியில் அடங்கிய ஓடை

தல ஆய்வு செய்யாமல் எந்த மனுவையும் முடித்துவைக்கக் கூடாது. மனு வந்த மூன்று நாளுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இந்த இரண்டையும் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, கல்வராயன் மலையிலிருந்து ஏழுமலை வாட்ஸப்பில் அனுப்பிய கடிதத்தை மயிலாடுதுறையில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தபோது, முதலில் வந்தது கோபம்தான். ‘மனுவுடன் இணைக்கப்பட்ட புகைப்படத்தைப் பரிசீலித்ததில் மேற்படி ஓடையில் நீரோட்டம் ஏதும் காணப்படவில்லை. பனிமூட்டம் மட்டுமே உள்ளது. எனவே நடைபாலம் கோரும் மனு முடித்துவைக்கப்படுகிறது.’

இரண்டாவதாக வந்தது வெட்கம். அந்தப் புகைப்படத்தை எடுத்தவன் நான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கியவர்கள் பறவையை எடுப்பார்கள், அல்லது பேரக்குழந்தையை எடுப்பார்கள். எனக்கு ஷட்டர் பித்து. கேமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்து உலகம் மாறுகிறது என்பது அறுபது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த ஞானம். ஓடுகிற தண்ணீரை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எடுத்தால் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும். அரை நொடி திறந்துவைத்தால் பட்டுத்துணி விரித்தாற்போல் விழும். எங்கள் ஊரில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்து பல நாள் கழித்து, வாய்க்காலில் தண்ணீர் ஒரு குமாஸ்தாவின் நடையில் வந்து சேரும். அதை எந்த வேகத்தில் எடுத்தாலும் ஒன்றுதான்.

ஆகவே ஆடியில் கல்வராயன் மலைக்குப் போனேன். ஷேர் ஜீப் ஓட்டிய ஏழுமலை, அருவிகளையெல்லாம் காட்டிவிட்டுத் தன் ஊர் ஓடைக்கும் கூட்டிப்போனான். ஜீப் பாதை இந்தப் பக்கம், பதினோரு வீடுகள் அந்தப் பக்கம், நடுவில் ஓடை. மேலே மழை பெய்தால் அரை மணியில் ஏறும். இறங்க ஒரு நாளாகும். ஆம்புலன்ஸ் இந்தக் கரையோடு சரி. அதுவரை ஆளைத் தூளி கட்டித்தான் தூக்கி வரவேண்டும். ஏழுமலையின் மனைவி ரோசாவுக்கு முதல் பிரசவம் போன ஐப்பசியில். ஓடை விடவில்லை. குழந்தை தங்கவில்லை. நான் போனபோது ரோசா மறுபடியும் நான்கு மாதம்.

மனு எழுதித் தரக் கேட்டார்கள். எழுதினேன். என் சர்வீஸில் அப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை, அவ்வளவு சுத்தம். அன்று எடுத்ததிலேயே சிறந்த படத்தையும் இணைத்தேன்: அரை நொடி, லென்சுக்கு முன்னால் வெளிச்சம் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஓடை முழுவதும் வெண்பட்டு. எல்லோரிடமும் காட்டி, “நல்லா இருக்கா?” என்று கேட்டேன். “சூப்பரா இருக்குதுங்க” என்றார்கள்.

விளைவு மேலே உள்ள கடிதம். இப்போது ஐப்பசி. ரோசாவுக்கு ஏழாவது மாதம். நான் பையைக் கட்டினேன்.

“முப்பத்து நாலு வருஷம் மனுவை வாங்கி வச்சீங்க. இப்ப அலைஞ்சு கொடுக்கிறீங்க. கணக்கு நேராப் போச்சு” என்றாள் என் மனைவி.

காலையில் சின்னசேலத்தில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் காபி கேட்டேன். “டீ நல்லாருக்கும் சார்” என்றார் கடைக்காரர். பொருளின் தரம் பற்றி இவ்வளவு நேர்மையான அறிக்கையைக் காவிரிக் கரையில் எந்தக் காபிக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. டீ உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அலுவலகம் திறக்கும் நேரம்வரை சோதனையில் இறங்கினேன். கேமராவைத் தூணில் சாய்த்து, கால் நொடி. நடப்பவர்கள், ஓடுபவர்கள், பஸ்ஸில் தொற்றுபவர்கள் எல்லோரும் புகையாகிவிட்டார்கள். பெஞ்சில் தூங்கிய ஒரே ஒருவர்தான் மீசை முடிவரை தெளிவாக விழுந்தார். அசையாதவன் பெயர்தான் பதிவேட்டில் நிற்கும் என்பது எனக்குப் புதிதில்லை. நான் சர்வீசில் கண்டதைக் கேமராவும் ஒப்புக்கொண்டது.

“இன்னா சார், எலெக்‌ஷன் ஆபீசா?” என்று கேட்டார் பூக்காரம்மா.

“இல்லம்மா, சும்மா.”

“சும்மாவா? இந்த வயசுலயா?” என்று பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தார்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்ட பிரிவில் ஒரு உதவியாளர் அம்மா, நாற்பது வயதுக்குள் இருக்கும். நான் கடித எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“அந்தப் படம் எடுத்தது நீங்களா சார்! இன்னா படம் சார் அது!” போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் என் ஓடை. வால்பேப்பராக வைத்திருந்தார். “டென்சன் ஜாஸ்தியாச்சின்னா இதைத்தான் பாத்துக்கினு இருப்பேன்.”

முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ விதமான அதிகாரிகளைச் சமாளித்திருக்கிறேன். என்னை ரசிக்கும் அதிகாரியை எப்படிச் சமாளிப்பது என்று எந்த விதிநூலிலும் இல்லை.

“அம்மா, அது பனி இல்ல. தண்ணி. இடுப்புக்கு மேல வெள்ளம்.”

“தண்ணியா?” போனைக் கண்ணருகே கொண்டுபோனார். “எனக்கு மேகம் மாரிதான் சார் தெரியுது. எங்க ஏஇ, இன்ஜினியர் சாரும் அதான் சொன்னாரு.”

“தல ஆய்வு செய்யாம முடிச்சிருக்கீங்களே” என்று குரலை உயர்த்தினேன். இங்கே நான் ஜெயிப்பேன் என்ற நிச்சயம் இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. கோப்புக் கட்டைப் பிரித்து என் மனுவின் கடைசிப் பத்தியை விரலால் காட்டினார். என் கையெழுத்து, என் வாக்கியம்: ‘இணைக்கப்பட்டுள்ள புகைப்படமே போதிய சான்றாகையால், தல ஆய்வுக்கெனக் காலம் தாழ்த்தாமல் இதன் அடிப்படையிலேயே உத்தரவிடக் கோருகிறேன்.’

“நீங்கதான சார் வேணாம்னீங்க?”

சீக்கிரம் வேலை நடக்கட்டும் என்று நான் சேர்த்த வாக்கியம். நடைமுறை தெரியாத யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். “வந்து பாருங்க சாமி” என்று மட்டும் எழுதியிருப்பார்கள், யாராவது வந்தும் பார்த்திருப்பார்கள்.

“வேற படம், வேற மனு கொண்டாங்க சார். நான் எடுத்துக்கிறேன்” என்றார் அந்த அம்மா. நல்லவர். மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. குழம்பு காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மினி பஸ்ஸில் மலை ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டியதும் காற்று மாறியது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் மரவள்ளிக்கு இந்த வருடம் விழுந்த பூச்சியைப் பற்றி, சொந்தக்காரனைத் திட்டுவதுபோல் உரிமையோடு திட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் பஸ் நின்றது. இஞ்சின் கோளாறோ என்று பயந்தேன். டிரைவர் இறங்கிப்போய், சுனைத் தண்ணீரில் முகம் கழுவி, பாட்டிலை நிரப்பி, நிதானமாக வந்து ஏறினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தவன்.

வெள்ளிமலையில் ஏழுமலை ஜீப்போடு நின்றான். “ஒரு வாரமா ஊத்துச்சி சார். நீங்க வந்துகினு இருக்கேன்னு போன் பண்ணீங்க பாருங்க, நின்னுபோச்சி.”

உண்மைதான். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. வெள்ளத்தைப் படம் பிடிக்க வந்தவன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே தாண்டினேன். அக்கரையில் ஏழுமலையின் அம்மா காளியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

“வாங்க ஆபீசர் சாரு. போன தபா வெள்ளத்த பனியாக்கினீங்க. இந்தத் தபா மழையவே வெயிலாக்கிட்டீங்க. இன்னும் இன்னா பாக்கி?”

“ம்மா, சும்மா இரு” என்றான் ஏழுமலை.

“இன்னாடா சும்மா? அவரு வூட்டு மருமவளா தூளில போப்போறா?”

நான் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ரோசா தலை நிமிராமல், “அவரு நல்லதுக்குத்தான அத்த பண்ணாரு” என்றாள். திட்டைவிட அதுதான் சுட்டது.

சாப்பாடு சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். பொன்னி அரிசியிலேயே பிறந்து வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் சற்று அந்நியம். இரண்டாவது வாயில் சமாதானம். மூன்றாவது முறை நானே தட்டை நீட்டினேன். காளியம்மா போட்டார். திட்டுவதும் போடுவதும் அவருக்கு ஒரே கையால் நடந்தன.

அன்று முழுவதும் மழை இல்லை. நான் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் டெல்டாவில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் மழை வேண்டிக் காத்திருப்பான். இங்கே பதினோரு வீடும் மழை வேண்டாம் என்று காத்திருக்க, நான் ஒருவன் மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளிமலையில் ரோசாவுக்கு மாதாந்திரப் பரிசோதனை இருந்தது. மழை பெய்தால் எனக்குப் படம் கிடைக்கும், அவளுக்குப் பரிசோதனை போகும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடியலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. ஏழுமலை ரோசாவைக் கிளப்புவதற்குள் பிடித்துக்கொண்டது. நாங்கள் கரைக்குப் போனபோது ஓடை நிறம் மாறியிருந்தது. தேநீர் நிறத்தில், நுரையோடு, வேரோடு பிடுங்கிய ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு வந்தது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ரோசா புடவைத் தலைப்பைப் பற்றியபடி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பரிசோதனை போயிற்று.

நான் வேலையைத் தொடங்கினேன். ஒரு மூங்கிலில் அடிக்கணக்குக்குச் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தேன். அளவு இல்லாத சான்று சான்றே இல்லை. ஏழுமலை அதைக் கரையோரப் பாறை இடுக்கில் செருகினான். மூன்று துணி முழுகி நான்காவது நனைந்தது. சாக்கைக் கொங்காணியாக மடித்து என் தலையில் கவிழ்த்தான். கேமராவுக்கு அவன் சட்டை.

முதலில் பழக்கம் விடாமல் அரை நொடி. பட்டு. அடுத்து, இனி ஏமாற மாட்டேன் என்று இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மழை இருட்டில் படம் கரிபோல் விழுந்தது. ஒளி உணர்திறனைக் கூட்டினேன். மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வந்தது. பிறகு ஐந்நூறு, இருநூற்றைம்பது, நூற்றிருபத்தைந்து, அறுபது, முப்பது. ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பத்துப் படம். விரல் மரத்துப்போனது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டியதும் கேமராத் திரையில் வரிசையாகக் காட்டினேன். இந்த முறை வேறு கேள்வி கேட்டேன்: “எது நம்ம ஓடை?”

கேமரா கை மாறியது. அரை நொடிப் படத்தைப் பார்த்ததும் காளியம்மா, “இது பால் பொங்கினாப்ல இருக்குது. பொங்கல் வாழ்த்துக்கு அனுப்புங்க” என்றார். இரண்டாயிரத்தைப் பார்த்து ஏழுமலை தலையைச் சாய்த்தான். “ஐஸ் கட்டிய ஒடச்சிப் போட்டாப்ல இருக்குது சார். ஓடலியே இது. அப்படியே நிக்குது.”

அவன் சொன்னது சரி. மிக மெதுவாக எடுத்தால் ஓடை உறங்கிவிடுகிறது. மிக வேகமாக எடுத்தால் உறைந்துவிடுகிறது. இரண்டிலும் பயம் இல்லை.

ரோசா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நீட்டியிருந்த கால்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“இதான் சார்.”

“ஏம்மா?”

“தெரில. பாத்தா பாதம் சில்லுனுது.”

வாங்கிப் பார்த்தேன். நூற்றிருபத்தைந்து. நுரை கிழிந்திருந்தது, தண்ணீரின் முதுகு திமிறியிருந்தது, மரம் மட்டும் லேசாகக் கலங்கி, அடுத்த கணம் நம் மேல் வந்து மோதும் என்று தோன்றியது. தொழில்நுட்பப்படி அதில் மூன்று குறைகள். நானாக இருந்தால் அழித்திருப்பேன்.

“ஆடியில அந்தப் படத்தக் காட்டினப்ப ஏன் யாரும் சொல்லல?” என்று கேட்டேன்.

காளியம்மா கண்ணை விரித்தார். “நல்லா இருக்குதான்னு கேட்டீங்க. நல்லாதான் இருந்துச்சி. எங்க ஓட மாரி இருக்குதான்னு நீங்க எங்க கேட்டீங்க?”

முப்பத்து நான்கு வருடம் நான் நடத்திய விசாரணைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வராமல் இருந்திருக்கலாம்.

நான்காம் நாளும் ஓடை விடவில்லை. என் திரும்பும் ரயில் நானில்லாமல் போயிற்று. அந்த நாளைத் தல ஆய்வு என்று வைத்துக்கொண்டு புது மனுவை எழுதினேன். இம்முறை இரண்டே பத்தி. படத்தின் பின்புறம் தேதி, நேரம், மூங்கிலின் அளவு. கடைசி வரி: ‘மழை பெய்யும் நாளில் நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறேன்.’ ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். “‘வந்து பாருங்க’ன்றத இத்தினி நீட்டமா எழுதணுமா சார்?” என்றான்.

ஐந்தாம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கயிற்றைப் பிடித்துத் தாண்டினேன். காளியம்மா ஒரு பை சாமை அரிசியைத் தோளில் மாட்டிவிட்டார். “பாலம் வரலன்னா இத திருப்பிக் குடுக்கணும்” என்றார். சிரிக்கவில்லை.

இறங்கும்போது மினி பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது. ஏன் காலியாக இருந்தது என்பது மழை தொடங்கியதும் புரிந்தது. வைப்பர் மோட்டார் போய்விட்டிருந்தது. வைப்பரில் கட்டிய கயிறு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அதை இழுப்பது முன் இருக்கைக்காரரின் கடமை. “இழுங்க சார்… வுடுங்க… இழுங்க” என்று டிரைவர் சொல்லச் சொல்ல, கச்சிராயபாளையம்வரை இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் சாலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. சுமார் இரண்டு நொடிக்கு ஒரு படம். எந்த வளைவையும் நான் அழகாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சாலையாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அலுவலகத்தில் அந்த அம்மாவிடம் மனுவைக் கொடுத்தேன். படத்தைக் கையில் எடுத்தவர் சட்டென்று மேஜையில் வைத்துவிட்டார்.

“ஐயோ, பயமா இருக்குது சார். இது வால்பேப்பருக்கு ஆவாது.”

என் கலையைப் பற்றி வந்த விமர்சனங்களில் என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது அது ஒன்றுதான். அன்று ரயிலில் ஏறியதும் தூங்கினேன். மயிலாடுதுறை வந்து பக்கத்து இருக்கைக்காரர்தான் எழுப்பினார்.

மூன்று நாளாயிற்று. ஒப்புகை இல்லை. ஒரு மாதமாயிற்று. பதில் இல்லை. நினைவூட்டு மனுவுக்கு நான் பேனாவைத் திறந்த அன்று ஏழுமலை போனில் கூப்பிட்டான். பின்னால் யாரோ இரும்பில் சுத்தியலால் அடிக்கும் சத்தம்.

“சார், ஒரு இன்ஜினியர் தம்பி வந்துச்சி. படத்தப் பாத்துட்டு வந்தேன்னுச்சி. அந்தண்ட தாண்டி வந்து அளந்துகினு இருக்கும்போதே ஓட ஏறிக்கிச்சி. ரெண்டு நாள் எங்க வூட்லதான். அம்மா கிட்ட மாட்டிக்கிச்சி சார், பாவம்.”

காளியம்மாவிடம் இரண்டு நாள். அதைவிடக் கடுமையான தல ஆய்வை எந்த அரசாணையும் வகுக்க முடியாது. கீழே போன கையோடு அந்தப் பிள்ளை, வேறு ஊரில் சிமெண்டுப் பாலம் வந்தபின் கழற்றிக் கிடங்கில் போட்டிருந்த பழைய இரும்பு நடைபாலம் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஊர்க்காரர்களே தோள் கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டே பேனாவை மூடினேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு மதியம் மறுபடி போன். மேலே நல்ல மழையாம், ஓடை முழுக்க வெள்ளமாம். வலி எடுத்து ரோசா பாலத்தின் மேல் தன் காலாலேயே நடந்து வந்து ஆம்புலன்ஸில் ஏறினாளாம். பெண் குழந்தை. இருவரும் நலம். “அம்மா உங்களாண்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சி சார். சாமய நீங்களே வச்சிக்கலாமாம்.”

பொங்கலுக்கு ஒரு படம் அனுப்பினான். குழந்தையோடு ரோசா பாலத்தில் வருகிறாள். போனில் எடுத்தது. கை ஆடியிருக்கிறது. அடியில் ஓடை கலங்கல், அவளும் கலங்கல். நடந்துகொண்டிருந்தாள், எப்படித் தெளிவாக விழுவாள்? பாலத்தின் இரும்பு மட்டும் ஆணி தெரியும்படி நின்றிருந்தது. அதை என் போனில் முகப்பாக வைத்துக்கொண்டேன்.

பிறகு தபாலில் ஒரு பழுப்பு உறை. ‘நடைபாலம் கோரும் தங்கள் மனு பெறப்பட்டது. மேற்படி ஓடையில் நீரோட்டம் உள்ளதா என்பது குறித்து உரிய காலத்தில் தல ஆய்வு மேற்கொள்ளப்பட்டு, தேவையின் அடிப்படையில் முடிவு தெரிவிக்கப்படும்.’ முறைப்படி இதற்கு நான் ஒரு விளக்கம் எழுத வேண்டும். பாலம் வந்துவிட்டதையும், ஆய்வு செய்த அதிகாரி இரண்டு நாள் அவரைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டதையும் மேற்கோள் எண்ணோடு குறிப்பிட வேண்டும். எழுதவில்லை. அடுப்பில் சாமை வெந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் கடிதத்தின் மூலையில், பெற்ற தேதியை மட்டும் சிவப்பு மையில் குறித்தேன்: ஜனவரி பத்தொன்பது.